40 வயதுக்குப் பிறகு எலக்ட்ரீஷியன் தொழிலுக்குள் நுழைவது எப்படி

40 வயதைத் தொட்ட பிறகு மின்பணியைக் கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது எந்தப் பயிற்சி நல்லது, அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதைத்தான். தமிழ்நாட்டில் வயது கடந்து இந்தத் தொழிலுக்கு வருகிறவர் அதற்கும் முன்பே விசாரிக்க வேண்டிய ஒன்று உண்டு. தகுதிச் சான்றுக்கான தேர்வு எழுதக் கேட்கப்படும் அனுபவம் எந்தத் தேதியிலிருந்து, யாருடைய கையெழுத்தில் கணக்கில் ஏறப்போகிறது என்பதே அது. இருபது வயதுப் பையன் யாரோ ஒரு மேஸ்திரியிடம் மூன்று ஆண்டுகள் எந்தக் காகிதமும் இல்லாமல் வேலை பார்த்துவிட்டு, பிறகு விழித்துக்கொண்டாலும் அவனுக்கு நேரம் இருக்கிறது. 42 வயதுக்காரருக்கு அந்த மூன்று ஆண்டுகள் திரும்பக் கிடைக்கமாட்டா.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, ஒரு கட்டடத்தில் புதிய வயரிங் செய்வதும், இருக்கிற வயரிங்கை மாற்றுவதும், கூட்டுவதும், பழுதுபார்ப்பதும் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாமல் கழற்றிப் புதியது பொருத்துவதற்கு மட்டுமே விலக்கு உண்டு. நடைமுறையில் உரிமம் இல்லாதவர்கள் வீடு முழுக்க வயரிங் செய்வதைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். ஆனால் விபத்து என்று ஒன்று நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான். குடும்பம், பிள்ளைகளின் படிப்பு என்று பொறுப்புகள் உள்ள வயதில் அந்தத் துணிச்சல் தேவையில்லாதது.

நுழைவாயில்கள்

அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வயர்மேன் பிரிவும் 2 ஆண்டுதான்; அதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.க்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஆகவே 38, 39 வயதில் இருக்கும் ஒருவர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த வாசல் அடைந்துவிடும். பகல் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டியிருப்பதால் இரண்டாண்டு வீட்டுச் செலவுக்கு வழி இருக்கிறவர்களுக்குத்தான் இது சரிப்படும். சரிப்படுமானால் இதைவிட நேரான பாதை வேறு கிடையாது. பெண்கள் இந்த வாய்ப்பைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது என் வருத்தம். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளிலும், பெண்கள் விடுதிகளிலும் ஒரு பெண் மின்பணியாளருக்கு வேலை தேடி வரும்.

40 வயதைக் கடந்த ஆண்களுக்கான பாதை வேறு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அவ்வப்போது அறிவித்து, அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுதான் அது. மின் வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும், 21 வயது நிறைவும் அதற்குக் கேட்கப்படுகின்றன. உச்ச வயது வரம்பு கிடையாது. எந்தப் பயிற்சியை முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனைகளும் அறிவிப்பிலேயே இருக்கும் என்பதால், அதை வரிக்கு வரி படித்துவிட்டு, உங்கள் மாவட்ட அரசு ஐ.டி.ஐ.க்கு நேரில் போய்க் கேட்டுத் தெளிவது நல்லது. அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதற்கும் வழி இருக்கிறது. அதைப் பற்றியும் அதே அலுவலகத்தில் அதே நாளில் கேட்டுவிடலாம்.

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் வீட்டு வயரிங், மோட்டார் ரீவைண்டிங் ஆகியவற்றுக்குச் சில வாரப் பயிற்சி இலவசமாகவே தரப்படுகிறது. கருவிகளைப் பிடித்துப் பழகவும், இந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளவும் அது உதவும். பத்தே நாளில் எலக்ட்ரீஷியன் ஆகலாம் என்று விளம்பரம் செய்யும் தனியார் வகுப்புகளில் பெரும்பணம் கட்டுவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நீங்கள் தரும் சான்றிதழை வைத்து எந்த அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும்? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

யாரிடம் சேர்வது

சம்பளம் நூறு, இருநூறு ரூபாய் கூடக் கொடுக்கும் மேஸ்திரியைவிட, உரிமம் வைத்திருக்கிற, வேலை பார்த்த காலத்தைத் தம் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சம்மதிக்கிற ஒப்பந்ததாரரே வயது கடந்து வருபவருக்கு ஏற்றவர். இதைச் சேரும்போதே பேசிவிட வேண்டும். ஐந்தாவது ஆண்டில் போய்க் கேட்டால் கொடுக்க மனம் இருந்தாலும் அவரிடம் பதிவு இருக்காது. நீங்களும் ஒரு நோட்டில் தேதி, இடம், செய்த வேலை என்று அன்றன்றைக்கே எழுதி, மாதம் ஒருமுறை அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் மின்பணியாளராகப் பதிவு செய்வதையும் இந்தக் காலத்திலேயே முடித்துவிடலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவற்றோடு, நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பதற்கான இன்னோர் ஆதாரமாகவும் அது நிற்கும்.

சேர்ந்த இடத்தில் உங்களைவிடப் பதினைந்து வயது இளையவர் உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பார். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை என்பதை எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத சிக்கல் இன்னொன்று: அவர் உங்களுக்குக் காட்டும் மரியாதையே உங்கள் படிப்பைக் கெடுக்கும். டி.பி. பாக்ஸில், அதாவது வீட்டின் சர்க்யூட்டுகள் எல்லாம் பிரியும் பெட்டியில், வயரின் முனை இணைக்கும் வேலை வரும்போது, “அண்ணே, நீங்க இருங்க, இதை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவரே முடித்துவிடுவார். உங்கள் கைக்கு டார்ச் பிடிப்பதும் பொருள் எடுத்துக் கொடுப்பதும் மட்டுமே மிஞ்சும். அப்போது, “தம்பி, நான் செய்யறேன், நீங்க பக்கத்துல நின்னு தப்பு இருந்தா சொல்லுங்க” என்று கேட்டு வாங்கிச் செய்வதற்குக் கூச்சப்படவே கூடாது. சுவர் வெட்டுவதிலும், சென்ட்ரிங் மேல் பைப் பரப்புவதிலும் இளைஞர்களோடு வேகத்தில் போட்டி போட வேண்டியதில்லை. அவற்றை ஒரு வீட்டுக்கு முழுமையாகச் செய்து பார்த்தால் பைப் எந்த வழியில் போகும், எங்கே திரும்பும் என்பது மனதில் பதிந்துவிடும். பிறகு பழுது பார்க்கப் போகும்போது அந்த அறிவுதான் கைகொடுக்கும். வயர் இழுப்பது, முனை இணைப்பது, சோதிப்பது ஆகிய மூன்றிலும்தான் உங்கள் நேரத்தைப் போட வேண்டும்.

முதலில் கை பழக வேண்டியவை

மின்பணியில் முதலில் கற்க வேண்டியது மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்வது. மெயினை இறக்கிவிட்டோம், ஆகவே கம்பியில் மின்சாரம் இருக்காது என்று நினைப்பது நம் ஊர் வீடுகளில் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் இங்கே பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயின் போன அடுத்த நொடியே இன்வெர்ட்டர் தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை விளக்கு, விசிறிப் பாயிண்ட்டுகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். நீங்கள் மெயினை இறக்கியதும் அதற்குக் கரண்ட் கட்தான். எனவே மெயினை இறக்கிய பிறகு இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அதன் வெளியீட்டு இணைப்பையும் பிரித்த பிறகே சுவிட்ச் பாக்ஸைக் கழற்ற வேண்டும். டி.பி.யை மூடி, வேலை நடக்கிறது என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, வீட்டில் உள்ளவர்களிடம் வாயாலும் சொல்லிவிடுவது வழக்கமாக வேண்டும். மாடியில் நீங்கள் ஏணி மேல் நிற்கும்போது, ஃபேன் ஓடவில்லையே என்று கீழே யாராவது எம்.சி.பி.யை, அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சை, தூக்கிவிடுவது புதிய செய்தியல்ல.

அடுத்து, சோதிக்கும் கருவியையே சோதிக்க வேண்டும். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யப்போகிற இடத்தில் வைத்துப் பார்த்து, மறுபடியும் அந்தப் பிளக்கிலேயே வைத்துப் பார்ப்பதுதான் முறை. சட்டைப் பையில் செருகியிருக்கும் நியான் டெஸ்டர், பிடித்திருப்பவரின் உடல் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் தரைக்குப் போவதால் எரிவது. காய்ந்த மர ஸ்டூல் மேல் செருப்போடு நின்றால் மங்கலாக எரியும், வெயில் வெளிச்சத்தில் எரிவதே தெரியாது. அதை நம்பிக் கையை வைக்கக் கூடாது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பும் கம்பி), ஃபேஸுக்கும் எர்த்துக்கும் (தரையோடு இணைந்த பாதுகாப்புக் கம்பி), நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆனாலும் டெஸ்டரை வீசி எறிந்துவிட வேண்டாம். அந்தச் சர்க்யூட்டில் ஏதோ ஒரு விளக்கு சுவிட்ச் போட்டபடி இருக்கையில், பிளக்கின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள்; அந்தத் துப்பை அது நொடியில் கொடுத்துவிடும்.

முனை இணைப்பது எளிய வேலையாகத் தோன்றும். புகைந்த சுவிட்ச் போர்டுகளைத் திறந்து பார்த்தால் அடிக்கடி கண்ணில் படுவது தளர்ந்த இணைப்புதான். இன்சுலேஷனை உரிக்கும்போது இழைகள் வெட்டுப்படக் கூடாது. மெல்லிய வயரானால் செம்பை இரட்டையாக மடித்து உள்ளே செருகினால் திருகு நன்றாகக் கவ்வும். முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். பைப்புக்குள் ஜாயிண்ட் போடவே கூடாது. ஜாயிண்ட் வருவதானால் அது திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸுக்குள்தான் வர வேண்டும். வேகமில்லாதவர், பொறுமையுள்ளவர் செய்கிற வேலை இது. நடுவயதில் வருகிறவர்கள் ஒரு சில மாதங்களிலேயே இதில் இளைஞர்களை முந்திவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டியதில்லை. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் ஏறக்குறைய வந்துவிடும். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் தனியாகப் போடுவது வழக்கம். விளக்கு, விசிறிக்கு 1.5, ஏ.சி.க்கு 4 என்பது பெரும்பாலான வீடுகளில் நீங்கள் காணும் அளவு. இங்கே மனதில் நிறுத்த வேண்டியது, எம்.சி.பி. முதன்மையாகக் காப்பது வயரை என்பதுதான். அடிக்கடி ட்ரிப் ஆகிறது, அதாவது தானே இறங்கிவிடுகிறது என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்ள, 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு அதே 2.5 வயரில் 32 ஆம்பியரை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ட்ரிப் ஆகாது, வயர்தான் சுடும். ட்ரிப் ஆவதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் உங்களுக்குக் கூலி.

காரணம் தேடுவதற்கு ஒரு எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்த வீட்டில் புதிதாக இன்வெர்ட்டர் பொருத்திய மறுநாளே, விளக்கைப் போட்டால் ட்ரிப் ஆகிறது என்று அழைப்பு வரும். ஆர்.சி.சி.பி. தன் வழியே ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பது. வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். இன்வெர்ட்டர் பொருத்தியவர், அதன் ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டு, விளக்குகளின் நியூட்ரலை ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் உள்ள பழைய நியூட்ரல் கட்டையிலேயே (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் இடம்) விட்டிருந்தால், போவது ஒரு வழியாகவும் திரும்புவது இன்னொரு வழியாகவும் ஆகிவிடும். உண்மையில் எங்கும் கசிவே இருக்காது; ஆனாலும் ட்ரிப் ஆகும். இதைக் கண்டுபிடிக்க, எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி, எந்தச் சர்க்யூட்டில் விழுகிறது என்று பிடிக்க வேண்டும். பிறகு மெயினையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அந்தச் சர்க்யூட்டின் நியூட்ரலைக் கட்டையிலிருந்து கழற்றித் தனியாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கசிவே இருக்கிறதோ என்ற ஐயம் வந்தால், விளக்குகளையும் கருவிகளையும் பிரித்துவிட்டு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கலாம். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் வயரிங்கில் கோளாறு உண்டு. ட்ரிப் ஆகிறது என்பதற்காக ஆர்.சி.சி.பி.யையே நேராக இணைத்துவிட்டுப் போவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் செய்யாதீர்கள்.

உடம்பும் கருவியும்

40-ஐ ஒட்டி வெள்ளெழுத்து வந்துவிடுவதால் எம்.சி.பி. மேல் பொறித்த எண்ணும், திருகின் வாயும் மங்கும். படிப்பதற்கான கண்ணாடி ஒன்றைக் கருவிப் பையிலேயே வைத்துக்கொண்டு, தலையில் மாட்டும் விளக்கு ஒன்றையும் வாங்கிவிடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா என்று கண் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் ஃபேஸாக வரும் சிவப்பும் எர்த்தாக வரும் பச்சையும் மாறிப்போனால் விளையாட்டல்ல. கட்டிங் பிளேயர், இரண்டு மூன்று அளவு ஸ்குரூ டிரைவர், வயர் ஸ்டிரிப்பர், மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், ரப்பர் கையுறை, நல்ல ஃபைபர் ஏணி ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். கிளாம்ப் மீட்டரும் மெகரும் வருமானம் வந்த பிறகு. மலிவான மல்டிமீட்டர் மட்டும் வேண்டாம்.

ஏணி ஏறி இறங்க முழங்கால் இடம் கொடுக்காதவர்கள் இதோடு கைவிட்டுவிட வேண்டியதில்லை. மோட்டார் ரீவைண்டிங் உட்கார்ந்து செய்கிற வேலை. பம்ப்செட்டுக்குப் பேர்போன கோவை வட்டாரத்திலும், கிணற்றுப் பாசனம் உள்ள எந்த ஊரிலும் அதற்குத் தேவை இருக்கிறது. விசிறி பழுது பார்ப்பதில் தொடங்கலாம். மூன்று வயர்கள் வெளியே வரும் சாதாரண விசிறியில் இரண்டிரண்டாக ஓம் அளந்தால், ஓர் அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வரும்; அந்த அளவில் சேராத மூன்றாவது வயர்தான் பொது முனை. மெதுவாகச் சுற்றும் விசிறியில் 2.5 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, ஆலை போன்ற இடங்களில் பராமரிப்பு வேலைக்கு வயது ஒரு தடையல்ல. பொறுப்பாக ஷிஃப்ட்டுக்கு வருகிறவரைத்தான் தேடுகிறார்கள். மாடிக்கூரை சோலார் வேலையும் பெருகியிருக்கிறது. ஆனால் பகல் வெளிச்சத்தில் பேனலை நிறுத்தி வைக்க சுவிட்ச் எதுவும் இல்லை என்பதையும், டி.சி. இணைப்பைச் சுமையோடு பிரித்தால் தீப்பொறி நின்று எரியும் என்பதையும் கற்றுக்கொண்ட பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

தனியாக வேலை எடுக்கும்போது

சட்டம் விலக்களித்துள்ள சிறு வேலைகளை, அதாவது பழைய சுவிட்சை மாற்றுவது, விசிறி மாட்டுவது, விளக்கு பொருத்துவது ஆகியவற்றை, விடுமுறை நாட்களில் எடுத்துச் செய்யலாம். பொங்கலுக்கு முன்பு வெள்ளையடிக்கும்போதுதான் பல வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் மஞ்சளித்த சுவிட்சுகள் நினைவுக்கு வரும்; மார்கழியில் தெருவில் உங்கள் எண் நாலு பேரிடம் இருக்கட்டும். பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். கடையில் கமிஷன் வைத்துப் பொருள் வாங்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தவிருங்கள். நடுவயதுக்காரரை வீட்டுக்குள் நம்பி விடுகிறார்கள் என்பது உங்களுக்கு உள்ள பெரிய அனுகூலம், அதை ஐம்பது ரூபாய்க்கு விற்றுவிடக் கூடாது. முழு வீட்டு வயரிங் கேட்டு வந்தால் உங்கள் ஒப்பந்ததாரர் வழியாக, அவருடைய உரிமத்தில் எடுத்துச் செய்யுங்கள். பாயிண்ட் கணக்கில் பங்கு பேசிக்கொள்ளலாம், அனுபவ நோட்டிலும் அந்த வேலை ஏறும்.

கம்பத்திலிருந்து மீட்டர் வரை உள்ள சர்வீஸ் வயரும், மீட்டரின் சீலும் மின்வாரியத்தின் பொறுப்பு. அங்கே பழுது என்றால் வாரியத்துக்குத் தகவல் சொல்லும்படி வீட்டுக்காரரிடம் கூறிவிட்டு, மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ளதை மட்டும் பாருங்கள். தேர்வில் தேறிக் கையில் தகுதிச் சான்று வந்ததும், மேற்பார்வையாளர் சான்றுக்கும் பிறகு சொந்தமாக ஒப்பந்ததாரர் உரிமத்துக்கும் என்னென்ன வேண்டும் என்பதைச் சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கே போகும்போது அந்த நோட்டையும், கையெழுத்தான அனுபவச் சான்றுகளையும், அவற்றின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள்.